தாய் ஊருக்குப் போயிருக்கு

இடம்: தாம்பரத்துக்கு அப்பால், வேப்பமரம் உள்ள ஒரு தனி வீட்டுத் திண்ணை.

பேசுகிறவர்கள்: மேனேஜர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நாய்களோடு இதுவரை இவருக்கிருந்த உறவு, எதிர்வீட்டு நாய் குரைக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள். டீச்சர், பள்ளியில் உயிரியல் நடத்தியவர். வீட்டில் மூன்று காக்கர் ஸ்பானியல். ஓய்வு கிடைத்தது பள்ளியிலிருந்து மட்டுமே, கேள்வி கேட்பதிலிருந்து இல்லை.

மேனேஜர்: வணக்கம் டீச்சர். ஒரு குட்டி வேணும். பணம் கையோட கொண்டு வந்திருக்கேன். சீக்கிரம் குடுத்தீங்கன்னா ஜிஎஸ்டி ரோட்ல நெரிசல் ஆரம்பிக்கறதுக்குள்ள கிளம்பிடுவேன்.

டீச்சர்: உக்காருங்க சார். மோர் குடிக்கிறீங்களா? குட்டி இல்ல.

மேனேஜர்: உள்ள குரைக்குதே?

டீச்சர்: அது அம்மா. இப்பதான் சினை பிடிச்சிருக்கு. 63 நாள் சினை, ஈன்றதுக்கப்புறம் எட்டு வாரம். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.

மேனேஜர்: நாயே பிறக்கல, அதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்டா! (கைபேசியை எடுக்கிறார்) இந்த ஆளைப் பாருங்க. காலைல ஒரு மெசேஜ் போட்டேன், அரை நிமிஷத்துல பதில். கறுப்பு, பொன்னிறம், சாக்லேட், எந்தக் கலரும் ஸ்டாக்ல இருக்காம். ஹெவி போன், சாம்பியன் லைன், ஷோ குவாலிட்டி. வீட்டு வாசல்ல டெலிவரி.

டீச்சர்: ஸ்பானியலுக்கு ஹெவி போன் எதுக்கு சார்? புதருக்குள்ள பூந்து பறவையைக் கிளப்பி விடுற நாய் அது. எலும்பு கனமா இருந்தா புதர்லயே மாட்டிக்கும். படம் அனுப்பியிருக்காரா?

மேனேஜர்: மூணு அனுப்பியிருக்கார்.

டீச்சர்: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) முதல் படம் இங்கிலீஷ் காக்கர். ரெண்டாவது அமெரிக்கன் காக்கர். உருண்டைத் தலை, குட்டை மூஞ்சி. 1955ல வந்த டிஸ்னி படத்துல லேடின்னு ஒரு நாய் வருமே, அந்த ஜாதி. மூணாவது கேவலியர். மூணும் மூணு இனம்.

மேனேஜர்: ஒரே குட்டியை மூணு பக்கத்துலேருந்து எடுத்ததுன்னு சொன்னாரே?

(டீச்சர் மோர் எடுத்துவர உள்ளே போகிறார். சிரிப்பதற்காகவும் இருக்கலாம்.)

மேனேஜர்: நானும் ஒண்ணும் விவரமில்லாதவன் இல்ல டீச்சர். தாய் நாயைப் பாக்கணும்னு கேட்டேன்.

டீச்சர்: பரவாயில்லையே! என்ன சொன்னார்?

மேனேஜர்: தாய் ஊருக்குப் போயிருக்காம்.

டீச்சர்: எந்த ஊருக்கு?

மேனேஜர்: கேக்கல. பிரசவம் ஆன உடம்பு, ஓய்வுக்குப் போயிருக்கும்னு விட்டுட்டேன்.

டீச்சர்: குட்டிக்கு என்ன வயசாம்?

மேனேஜர்: 45 நாள்.

டீச்சர்: எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. எட்டு வாரத்துக்கு எத்தனை நாள்?

மேனேஜர்: 56. பதினோரு நாள்தானே குறையுது, கிரேஸ் பீரியடா வெச்சுக்கலாமே?

டீச்சர்: அந்தப் பதினோரு நாள்ல என்ன நடக்குது தெரியுமா? கூடப் பிறந்ததுங்களோட உருண்டு புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்னு கத்துக்குது. அங்க கத்துக்காதது உங்க கைல வந்து கத்துக்கும். போகட்டும், பெட்டையை மூணாம் ஆளு மறைக்கறது உலகம் பூரா நடக்கறதுதான். இங்கிலாந்துல நடுவுல ஒரு ஆளு வாங்கி குட்டி விக்கறதையே 2020 ஏப்ரல்லேருந்து தடுத்துட்டாங்க. லூசி சட்டம்னு பேரு. லூசிங்கறது ஒரு கேவலியர் ஸ்பானியல். வேல்ஸ்ல ஒரு குட்டிப் பண்ணையில ஈன்று ஈன்று, கூண்டுலயே கிடந்து முதுகு வளைஞ்சு போயிருந்தது. வாங்கினவங்க யாரும் அதைப் பாத்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கும் தாய் ஊருக்குத்தான் போயிருக்கும்.

மேனேஜர்: (சற்று நெளிந்து) ஆனா இவர்கிட்ட கேசிஐ பேப்பர் இருக்கு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா! தலைமையகமே நம்ம சென்னைலதான்.

டீச்சர்: அந்தப் பேப்பர் நல்லதுதான், நானும் வாங்கித் தர்றேன். ஆனா அதுல தாத்தா பாட்டி பேர்தான் இருக்கும். கண்ணு தெரியுமா, கிட்னி வேலை செய்யுமான்னு இருக்காது. பான் கார்டு வெச்சிருக்கறவன் எல்லாம் கடனை ஒழுங்கா கட்டினானா சார்?

(முப்பது வருட வாராக்கடன் மேனேஜர் முகத்தில் ஒரு கணம் வந்து போகிறது.)

டீச்சர்: காக்கருக்குப் பரம்பரையா வர்ற கண் நோய் ஒண்ணு இருக்கு, பிஆர்ஏன்னு சொல்வாங்க. முதல்ல ராத்திரில தடுமாறும், அப்புறம் பகல்லயும் தெரியாது. இன்னொண்ணு கிட்னிக்கு வர்றது. ரெண்டு வயசுக்குள்ளயே முடிச்சிடும். ரெண்டுக்கும் கன்னத்துக்குள்ள பஞ்சை வெச்சுத் தேய்ச்சு டிஎன்ஏ சோதனை பண்ணலாம். தாயும் தகப்பனும் பாக்க நல்லா இருந்தும் ரெண்டும் அந்தக் குறையை உள்ள சுமந்தா, ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. பத்தாம் வகுப்புல மெண்டல் பட்டாணி படிச்சிருப்பீங்களே?

மேனேஜர்: காமர்ஸ். ஆனா டிஎன்ஏ பத்திக் கேட்டுட்டேன்! 'போட்டாச்சு சார், அடுத்த டோஸ் 21 நாள் கழிச்சு'ன்னார்.

டீச்சர்: (நெடிய மௌனத்துக்குப் பிறகு) மோர் இன்னும் கொஞ்சம்?

மேனேஜர்: கேரண்டி கூட தர்றார். ஒரு வாரத்துக்குள்ள செத்தா வேற குட்டி.

டீச்சர்: எத்தனை செத்திருந்தா ஒருத்தர் இப்படி ஒரு திட்டமே போட்டு வெச்சிருப்பார்! பார்வோ தொத்தினா வாந்தியும் ரத்த பேதியும் வெளில தெரிய மூணு நாள்லேருந்து ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள குட்டி உங்க வீட்டுல. 'எங்கிட்ட இருந்தப்ப நல்லா ஓடியாடிட்டு இருந்துது சார்'னு அவர் சொல்றது பொய்யே இல்ல. தடுப்பூசிப் புத்தகத்துல மருந்து ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் அவரோட பதிவு எண்ணும் இருக்கான்னு பாக்கணும். வெறும் தேதியை யார் வேணா எழுதலாம். சரி, இப்ப நீங்க சொல்லுங்க. எந்த மாடி?

மேனேஜர்: நாலாவது. லிஃப்ட் உண்டு, கரண்ட் இருந்தா.

டீச்சர்: பகல்ல வீட்ல யாரு?

மேனேஜர்: நானும் சம்சாரமும். சம்சாரத்துக்கு நாய்னா பயம்.

டீச்சர்: அப்ப நாய் யாருக்கு?

மேனேஜர்: பேரன் ஆசைப்படறான். கோடை லீவுக்கு வர்றான்.

டீச்சர்: லீவு முடிஞ்சதும்?

மேனேஜர்: பெங்களூரு போயிடுவான்.

டீச்சர்: நாய்?

மேனேஜர்: ...அந்த அஜெண்டா இன்னும் எடுத்துக்கல.

டீச்சர்: பன்னெண்டு, பதினாலு வருஷம் இருக்கும் சார் அது. பேரன் காலேஜ் முடிச்சுடுவான். வாரா வாரம் காதைச் சுத்தம் பண்ணணும். தொங்கு காது, நம்ம ஊர் புழுக்கத்துல ஈரம் நின்னா அழுகல் நாத்தம் வந்துடும். தினம் சீவணும், ஆறெட்டு வாரத்துக்கு ஒரு தடவை முடி வெட்டணும். சித்திரை வெயில்ல மத்தியானம் வெளில கூட்டிட்டுப் போகக் கூடாது. ஓடவும் விடணும், இல்லேன்னா சோபா மிஞ்சாது. நீங்க நாலு ஞாயித்துக்கிழமை இங்க வந்து என் நாய்ங்களுக்குக் காது துடைச்சுப் பழகுங்க. சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பாப்போம்.

மேனேஜர்: (எழுந்து) நான் நாய் வாங்க வந்தேனா, வேலைக்கு இன்டர்வியூக்கு வந்தேனா?

டீச்சர்: இந்த வீட்டைக் கட்ட நான் கடன் கேட்டு வந்தேனே, நினைவிருக்கா? மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கதான். மூணு வருஷ சம்பள ஸ்லிப், ரெண்டு ஜாமீன்தாரர், மாமனார் பேர்ல ஒரு 'ர' 'ற' ஆயிருந்ததுக்கு நோட்டரி கிட்ட அஃபிடவிட்.

மேனேஜர்: அது ரூல் மேடம்.

டீச்சர்: இதுவும். வளர்த்து விக்கறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்க, என்கிட்டயும் சேர்த்துத்தான். பெட்டைக்கு ஒன்றரை வயசாகாம இணை சேர்க்கக் கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல கூடாது. கென்னல் வெச்சிருக்கறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல, 'வீட்டுலயே பாசமா வளர்க்கறோம்'னு சொல்றவங்க எல்லாரும் நல்லவங்களும் இல்ல; வருஷத்துக்கு ரெண்டு தடவை ஈன வைக்கிற பாசமும் உண்டு. என்னை நம்பலேன்னா ஒண்ணு பண்ணுங்க. வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரில ஒரு காலைப்பொழுது நில்லுங்க. ஸ்பானியல் கொண்டு வர்றவங்க கிட்ட, எங்க வாங்கினீங்கன்னு கேளுங்க. வருஷாந்திர ஊசிக்கு வந்தவங்க சொல்ற பேரைக் குறிச்சுக்குங்க. அழுதுட்டு நிக்கறவங்க சொல்ற பேரை அதைவிட பத்திரமா குறிச்சுக்குங்க.

மேனேஜர்: உங்ககிட்ட வாங்கி, வெச்சுக்க முடியலேன்னா?

டீச்சர்: எப்பன்னாலும் என்கிட்டயேதான் திருப்பித் தரணும். வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிப்பேன்.

மேனேஜர்: பத்து வருஷம் கழிச்சும் சரக்கைத் திருப்பி எடுத்துக்கறதா! வியாபாரமே தெரியல டீச்சர் உங்களுக்கு.

(கைபேசி சிணுங்குகிறது.)

மேனேஜர்: அந்த ஆள்தான். 'கடைசி ஒரு குட்டி, வேற பார்ட்டி வாசல்ல நிக்கறாங்க, டோக்கன் அடிங்க சார்'ங்கறார்.

டீச்சர்: தாராளமா அடிங்க. அதுக்கு முன்னாடி, தாயோட படம் ஒண்ணு வேணும்னு கேளுங்க. இப்ப எடுத்ததா.

(மேனேஜர் ஒற்றை விரலால் தட்டுகிறார். அரை நிமிடத்தில் பதில். அந்த ஆளின் சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது.)

மேனேஜர்: (வெற்றிக் களிப்போடு) பாருங்க! தாய் ஊர்லேருந்து வந்தாச்சாம். படமும் வந்துடுச்சு. என்ன கம்பீரம்!

டீச்சர்: (வாங்கிப் பார்த்து, பெரிதாக்கி, இன்னொரு முறை பார்த்து) கம்பீரந்தான். கடுவன் நாய் சார் இது.

மேனேஜர்: அப்ப தாய் இன்னும் ஊர்லதான் இருக்கா?