இருபது பேர் தேறாத பட்டறை

எழுபதுகளில் எங்கள் தெருவில் விடிவது பித்தளைத் தகடு தட்டும் சத்தத்தில்தான். குடம், அண்டா, டவரா செட் எல்லாம் கும்பகோணத்துப் பட்டறைகளிலிருந்து ஊர் ஊராகப் போகும். ஒரு பட்டறைக்கு நாலைந்து ஆட்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும்வரை வேறு பட்டறைக்கு நகர முடியாது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஐம்பது வயதுக்குள் காது மந்தமாகிவிட்டது. கை நடுங்கத் தொடங்கியதும் வேலை நின்றது. அன்றோடு வருமானமும் நின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 1948-இல் ஈ.எஸ்.ஐ., 1952-இல் பி.எஃப். இரண்டும் தலை எண்ணிப் பார்த்தே உள்ளே விட்டன. பி.எஃப்.புக்கு இருபது பேராவது வேண்டும்; எங்கள் தெருவில் எந்தப் பட்டறையில் அது தேறும்? திருபுவனத்தில் பட்டு நெய்தவருக்கும் இதே கதிதான். தறி அவர் வீட்டுக்குள், முதலாளி கடைத்தெருவில்.

1982-இல் தமிழ்நாடு கொண்டுவந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை நான் மதிப்பது இதனால்தான். அதன் வழியே பின்னால் வந்த நலவாரியங்கள், 'உன் முதலாளி யார்' என்று கேட்கவில்லை. 'என்ன வேலை பார்க்கிறாய்' என்று கேட்டன. கட்டடத் தொழிலாளருக்கு 1994-இல் வாரியம் வந்தது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்துக்கு நிவாரணம், அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம். தொகை சிறிதுதான். எதிர்வீட்டுப் பெரியவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இன்று அதே தெருவில் பைக்கில் சாப்பாட்டுப் பையோடு பையன்கள் பறக்கிறார்கள். பட்டறை முதலாளியிடம் முகம் பார்த்துக் கடனாவது கேட்கலாம். இவர்களுக்குப் போனில் ஒரு செயலிதான் முதலாளி. போன மழையில் பாலத்தருகே வழுக்கிக் கால் முறிந்த பக்கத்துவீட்டுப் பையனிடம், "நீங்க எங்க ஊழியர் இல்லை, பார்ட்னர்" என்று போனில் சொல்லிவிட்டார்கள். மருத்துவச் செலவுக்கு அவன் அம்மா வளையலை அடகு வைத்தாள். உருப்படிக்குக் கூலி அன்று. ஆர்டருக்குக் கூலி இன்று.

இவர்களுக்கென்று 2023-இல் தமிழ்நாடு தனி நலவாரியம் அமைத்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் இவர்களுக்காகக் கட்ட வேண்டும் என்கிறது. அது நடைமுறைக்கு வர 2025 நவம்பர் ஆயிற்று. அந்தப் பணத்தை ஆர்டருக்கு ஆர்டர் தொழிலாளியின் கணக்கில் தனியாக எழுதிக் காட்ட வேண்டும். வேலைக்குச் சேரும் அன்றே வாரியத்தில் அவன் பெயரைப் பதிவதும் நிறுவனத்தின் பொறுப்பாக வேண்டும். ஆர்டர் விட்டு அலுவலகத்துக்கு அலைய அந்தப் பையனுக்கு நேரம் கிடையாது.