சார், பேட்டா?

வெளியூர் டாக்ஸிக்குக் கணக்குத் தீர்க்கும்போது டிரைவர் தலையைச் சொறிந்தபடி ஒரு வார்த்தை கேட்பாரே, 'சார், பேட்டா?' என்று? அதே பேட்டாவுக்காக இருநூறு ராணுவ அதிகாரிகள் ராஜினாமாவுக்குக் கிளம்பிய கதை இது.

பிளாசி சண்டைக்குப் பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியின் தயவில் வங்காள நவாப் ஆன மீர் ஜாபர் மனம் குளிர்ந்து (குளிராமல் இருக்க முடியுமா?) கம்பெனியின் வெள்ளை அதிகாரிகளுக்கு டபுள் பேட்டா கொடுத்தார். சண்டை முடிந்தது, நவாபும் போய்ச் சேர்ந்தார். டபுள் பேட்டாவுக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

இதையெல்லாம் சீர்திருத்த 1765-இல் வந்து இறங்கியவர் யார்? ராபர்ட் கிளைவ்! நம் மதராஸில் வருஷத்துக்கு 5 பவுண்டு சம்பளத்தில் ரைட்டராக வேலை பார்த்த பையன். பிளாசி முடிந்த கையோடு 2,34,000 பவுண்டு 'அன்பளிப்பு' வாங்கிக்கொண்ட அதே மகான். வந்ததும் எல்லோரிடமும் எழுதி வாங்கினார்: இனி அன்பளிப்பைத் தொடமாட்டோம்!

பெரிய அதிகாரிகளின் முகம் வாடியது. பொறுக்குமா அவருக்கு? உப்பு, வெற்றிலைபாக்கு, புகையிலை வியாபாரத்தில் பங்கு பிரித்துக் கொடுத்தார். தன் பங்கையும் மறக்கவில்லை. சின்ன அதிகாரிகளுக்குக் கிடைத்தது ஒரு சர்க்குலர்: 1766 ஜனவரி முதல் டபுள் பேட்டா கட்.

அதுவரை கம்பெனிக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தான். உயிர் வேறு, பேட்டா வேறு இல்லையா? ரகசியச் சத்தியம் செய்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் ராஜினாமா. பின்வாங்குகிறவனுக்கு 500 பவுண்டு அபராதம். ராஜினாமா என்றதும் கிளைவ் காலில் விழுவார் என்று நினைத்தார்கள்.

அவர் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். மதராஸிலிருந்து மாற்று ஆட்களை வரவழைத்தார். போதாததற்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர்கள் கையிலும் வாளைக் கொடுத்தார். பேட்டா பேச்சே எடுக்காத நம்மூர் சிப்பாய்கள் அவர் பக்கமே நின்றார்கள். ராஜினாமா வீரர்கள் ஒவ்வொருவராக வந்து, 'தெரியாமல் எழுதிவிட்டோம் சார்.'

உள்ளிருந்தே தூண்டிவிட்டதாகக் கிளைவின் படைத்தலைவர்களில் ஒருவரான சர் ராபர்ட் பிளெட்சர் சிக்கினார். ராணுவ விசாரணை, டிஸ்மிஸ். அத்தோடு முடிந்ததா? லண்டன் மன்னித்து, அவருக்கு ஒரு நல்ல போஸ்டிங்காகப் பார்த்துக் கொடுத்தது: மதராஸ் தலைமைத் தளபதி!

1776-இல் மதராஸ் கவுன்சிலில் ஒரு கோஷ்டி சேர்ந்து தங்கள் கவர்னர் பிகட்டையே கைது செய்தது. கோஷ்டியில் பிளெட்சரும் உண்டு. இந்தத் தடவை ராஜினாமாக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்கவில்லை.