மாமியாரும் ஆர்கானும்

கேள்வி: நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கினால், 'சும்மா இருப்பவனை பைபிளே கண்டிக்கிறது' என்கிறார் மாமியார். உண்மையா?
– ஒரு வெல்டர், சிப்காட், ஓசூர்.

பதில்: மாமியாரை மத்தேயு 20-ஆம் அதிகாரம் படிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வரை சந்தையில் நிற்கும் கூலியாட்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஆர்கோஸ்'. 'எர்கோன்' என்றால் வேலை. முன்னால் 'அ' சேர்ந்தால் வேலையில்லாதவர். நியாயம், அநியாயம் மாதிரி. தமிழ் பைபிளில் அது 'சும்மா'. (ஜூஜூவாடி எல்லை தாண்டினால் கன்னடத்தில் 'சும்னே'!) ஏன் நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்டால், யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு மேஸ்திரிக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்தவருக்கு இது புரியும். கடைசியில் அந்தப் பைபிள் கூலியாட்களுக்கும் முழு நாள் கூலி கிடைத்தது. அதே சொல்லுக்குச் சோம்பேறி என்றும் பொருள் உண்டு. அதை வீட்டில் சொல்லித் தொலைக்காதீர்கள்.

உங்கள் சிலிண்டரில் இருக்கும் ஆர்கானுக்கும் இதே சொல்தான் மூலம். 1894-இல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்த வாயு. எதனோடும் சேராததால் அந்தப் பெயர். அது சும்மா இருப்பதால்தான் டிக் வெல்டிங்கை ஆக்ஸிஜன் அண்டுவதில்லை. ஆர்கான் தீர்ந்தபின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒட்டிப் பாருங்கள், கறுத்துப் பொத்தல் விழும். அப்போது சூப்பர்வைசர் பேசுவது பைபிள் பாஷையாக இருக்காது.