பிளாப்பி இருந்த இடம்

சிபியு என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்ட அந்தத் தகரப் பெட்டியின் முன்பக்கத்தில், ஒரு காலத்தில், தொட்டுப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பவர் பட்டன், ரீசெட் பட்டன், பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு, சிடிக்கு ஒரு தட்டு, அதற்குக் கீழே பிளாப்பிக்கு ஒரு வாய், அவ்வளவுதான். மற்றதெல்லாம் முதுகுப் பக்கம். 1996-ல் யூஎஸ்பி பிறந்து (வடோதராவிலிருந்து அமெரிக்கா போன அஜய் பட் இன்டெல்லில் அதற்கு முன்னின்று உழைத்தவர்), சில வருஷம் கழித்து நம் ஊர்க் கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேர்ந்தபோதும் அதைப் பின்னால்தான் வைத்தார்கள். பென் டிரைவ் செருகவேண்டும் என்றால் மேசைக்கு அடியில் மண்டிபோட்டு, ஒட்டடையோடு ஒட்டடையாகக் கையை விட்டு, விரலாலேயே துளையைத் தேடி, ஒரு பக்கம் போகவில்லையே என்று திருப்பி, அதுவும் போகவில்லையே என்று மறுபடி திருப்பி... உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும்.

பாண்டிச்சேரிக்காரர்களான எங்களுக்கு இந்தப் பெட்டியோடு கொஞ்சம் கூடுதல் உறவு உண்டு. வரிச் சலுகையை முன்னிட்டு எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவா என்று பெரிய பெயர்களெல்லாம் இங்கே ஆலை வைத்துக் கம்ப்யூட்டர் தயாரித்தன. சேதராப்பட்டுப் பக்கம் வேலைக்குப் போய்வந்த அக்காக்கள், அண்ணன்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நாடு முழுக்கப் பள்ளிக்கும் வங்கிக்கும் போன பெட்டிகளில் எத்தனையோ, நம் ஊர்க் கை ஸ்க்ரூ முடுக்கி அனுப்பியவை. ஆனாலும் என் போன்றவர்கள் வீட்டுக்கு வந்தது அசெம்பிள்டு கம்ப்யூட்டர்தான்; பாதிச் சாமான் சென்னை ரிச்சி தெருவிலிருந்து, மீதி நேரு வீதியை ஒட்டிய சந்துகளிலிருந்து.

பிறகு ஒரு நாள், முதுகுப் பக்கம் இருந்த அந்தத் துளைகள் முன்பக்கம் வந்தன. இரண்டு யூஎஸ்பி, பக்கத்தில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் இரண்டு வட்டத் துளை. அதன் சந்தோஷத்தை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது! கழுத்தில் கயிறு கட்டிப் பென் டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்போம். நண்பன் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும் முன்பே அதைக் கழற்றுவோம். பாட்டும் கல்யாண ஆல்பமும் ஏறும் வரை அவன் அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, பச்சைக் கோடு வலப்பக்கம் நகர்வதைப் பார்த்தபடி ஊர்க்கதை பேசுவோம். ஒரு படத்தை வாங்கிவர ஒரு வீட்டுக்குள் போய் உட்காரவேண்டியிருந்தது. இன்று அதே படம் போனுக்குத் தானாக வந்து விழுகிறது. நண்பன் வீட்டில் காபி போடுகிறார்களா என்றுகூடத் தெரிவதில்லை.

அந்த முன்பக்கத் துளைக்கு எங்கள் ஊரில் ஆயுசு குறைவு. டைப்-ஏ துளை குறைந்தது 1,500 தடவை செருகி எடுக்கத் தாங்கவேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்கள் கணக்கு. அவர்கள் எங்கள் வைத்திக்குப்பத்துக் கடற்காற்றைச் சேர்த்துக் கணக்கிடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாலும் பல மதர்போர்டுகளில் யூஎஸ்பிக்கான 5 வோல்ட் மின்சாரம் துளையில் நின்றுகொண்டே இருக்கும். உப்பும் ஈரமும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடினால் தொடுமுனையில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். முதலில் பென் டிரைவை ஆட்டிப் பிடித்தால் வேலை செய்யும், பிறகு அதுவும் செய்யாது.

கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப்போனால் கடைக்கார அண்ணன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து கிளிப்புகளை அமுக்கி முன்முகத்தை அப்படியே பெயர்த்து எடுப்பார். இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் விரல் நீளப் பலகை ஒன்று, அதிலிருந்து மதர்போர்டுக்கு ஓடும் வயர்கள்: சிவப்பில் 5 வோல்ட், வெள்ளையிலும் பச்சையிலும் தகவல், கறுப்பு எர்த். பழைய கேபினெட்டுகளில் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனி முனை. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் செருகிய பென் டிரைவ் அங்கேயே தீர்ந்தது. அதனால் அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மதர்போர்டில் எறும்பு அளவில் அச்சிட்ட எழுத்தை வாய்விட்டுப் படித்துத்தான் மாட்டுவார். பிறகு ஒரே கட்டியாக ஒன்பது முனைச் செருகி வந்தது. ஒரு மூலையில் ஊசி இல்லாமல் விட்டிருப்பதால் திருப்பி மாட்டவே முடியாது. ஆடியோவுக்கு மட்டும் ஒரே வயரில் இரண்டு தலை தொங்கும். ஒன்று ஏசி97 முறைக்கு, ஒன்று எச்டி முறைக்கு. இரண்டில் ஒன்றை மாட்டி மற்றதை ஓரமாகக் கட்டிவைக்கவேண்டும்.

பழுதான பலகைக்குப் பதிலாக அதே அளவுப் பலகை கிடைக்காவிட்டால்? அண்ணன் சும்மா கிடந்த பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த மூன்றரை அங்குல இடத்தில் புதுத் துளைகள் கொண்ட பேனலைப் பொருத்தித் தருவார். 1.44 எம்பி குடியிருந்த வீட்டில் ஜிபிகள் வந்துபோயின. எந்தக் கம்பெனிப் பேனலும் எந்தக் கம்பெனிக் கேபினெட்டிலும் உட்காரும் என்பது எவ்வளவு பெரிய நாகரிகம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது வரும் கேபினெட்டுகள் அழகானவை. கண்ணாடிப் பக்கம், உள்ளே திருவிழா விளக்கு. துளைகள் மேலே ஏறிவிட்டதால் தூசி நேராக உள்ளே இறங்குகிறது. பிளாப்பி இருந்த இடமே இல்லை. பலகை அந்தந்த மாடலுக்கு மட்டும் பொருந்தும், மாடல் நின்றுபோனால் பலகையும் நின்றுபோகும். யூஎஸ்பி 3-இன் பத்தொன்பது முனைச் செருகி வேகத்தில் கெட்டிக்காரன், ஆனால் அதன் வயர் அவ்வளவு விறைப்பு, அவசரப்பட்டு இழுத்தால் மதர்போர்டிலிருக்கும் பிளாஸ்டிக் கூடும் கையோடு வரும். டைப்-சி 10,000 தடவை தாங்குமாம். ஆனால் மெலிந்த லேப்டாப்களில் பலவற்றில் அதைப் போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள், போனால் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

சில நூறு ரூபாய்ப் பலகைக்காக ஒரு நல்ல கேபினெட்டைக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உங்கள் முன்பக்கத் துளை செத்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, வயர்கள் இருந்த இடத்தைப் போனில் படமெடுத்துவைத்து, பழைய பலகையைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பவர்கள், பலகையைக் காட்டி ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளியை வைத்துக் கேட்டால் உள்ளே போய்த் தேடிப் பார்ப்பார்கள்.