ஜஸ்ட் பாஸ் சித்தாந்தம்: ஓர் ஆய்வு

சைவ சித்தாந்தத்துக்குப் பதி, பசு, பாசம் என்று பொருள் மூன்று. ஜஸ்ட் பாஸ் சித்தாந்தத்துக்கு இன்டர்னல், எக்ஸ்டர்னல், அரியர் என்று மூன்று. முதலது கல்லூரியின் கையில் இருக்கிறது. அடுத்தது பல்கலைக்கழகத்தின் கையில். மூன்றாவது மாணவனைப் பற்றிக்கொண்டு விடாதது. இவற்றின் உறவை ஆராய எடுத்துக்கொண்ட களம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள். மூலநூல், 2021ஆம் ஆண்டு ரெகுலேஷன்.

இதற்கு முந்தைய 2017 ரெகுலேஷனில் இன்டர்னலுக்கு 20, எக்ஸ்டர்னலுக்கு 80. 2021இல் தியரி பாடங்களுக்கு 40, 60 என்று ஆயிற்று. இதனால் மாணவர்கள் செமஸ்டர் முழுக்கத் தொடர்ந்து படிப்பார்கள் என்பது முன்வரிசையார் கொள்கை. 'இருபது மார்க் நம்ம பக்கம் வந்துருச்சு மச்சான்' என்பது பின்வரிசையார் கொள்கை. இக்கட்டுரை பின்வரிசையார் வழி நிற்பது. கணிதம் அவர்களிடமே இருக்கிறது.

மூலநூல் தேர்ச்சிக்கு இரண்டு விதி சொல்கிறது. இன்டர்னலும் எக்ஸ்டர்னலும் சேர்ந்து 50 வர வேண்டும். எக்ஸ்டர்னலில் மட்டும் 45 சதவீதம் வர வேண்டும். அறுபதில் 45 சதவீதம் 27. ஐம்பதில் 27 போனால் 23. இந்த 23தான் சித்தாந்தத்தின் மூலமந்திரம். முன்வரிசையில் நான்கு ஆண்டு உட்கார்ந்தவர்களுக்கு இப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. பின்வரிசையில் அது முதல் செமஸ்டரிலேயே சீனியர் வாயிலாக உபதேசிக்கப்படுகிறது.

23ஐ அடையும் மார்க்கம் வருமாறு. செமஸ்டருக்கு இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் நூறு மார்க். அந்த நூறில் 40 அசைன்மென்ட், செமினார் வகையறாவுக்கு. 60 எழுத்துத் தேர்வுக்கு. மொத்தம் 200ஐ நாற்பதாகச் சுருக்குகிறார்கள். ஆக, அசைன்மென்ட் வகையில் மட்டும் 16 மார்க் கிடக்கிறது.

அசைன்மென்ட் என்னும் இலக்கிய வகையைத் தமிழாய்வுலகம் இன்னும் கவனிக்கவில்லை. விடுதியில் ஒருவர் எழுதுவார். அன்றிரவே அது அறை அறையாகப் படியெடுக்கப்படும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிய ஏடுகளில் பாடபேதம் மலிந்திருந்தது. இங்கே பேதமே கிடையாது. மூலத்தில் 'பெர்னூலி' எழுத்துப்பிழையோடு இருந்தால் அறுபது சுவடிகளிலும் அதே பிழை, அதே இடத்தில், ஏறக்குறைய அதே மையில் இருக்கும். வேறுபடுவது முகப்பில் உள்ள ரெஜிஸ்டர் நம்பர் ஒன்றே. அதையும் மாற்ற மறந்த படிகள் உண்டு என்று பேராசிரியர்கள் சொல்வார்கள்.

இப்படி 16 கைக்கு வந்தபின் இன்னும் 7 போதும். இரண்டு தேர்வும் சேர்ந்த 120இல் 35 எடுத்தால் அந்த ஏழு வந்துவிடும். எஞ்சுவது செமஸ்டர் தேர்வு. நூறு மார்க்குக்கு எழுதி அறுபதுக்குச் சுருக்குவதால் வேண்டியது 45. பார்ட் ஏ, பத்து இரண்டு மார்க் கேள்விகள், 20. பார்ட் பி, யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதின்மூன்று மார்க் கேள்விகள், 65. பார்ட் சி, 15. பார்ட் ஏ முழுக்க, பார்ட் பியில் இரண்டு யூனிட் முழுக்க என்று எழுதினால் 46. ஒரு மார்க் கூடிவிட்டது. அதை வீண் உழைப்பு என்று மரபு கண்டிக்கிறது.

இனி, சித்தாந்தத்தின் கடினமான பகுதி. ஒரே வகுப்பில் இருவர். முதலாமவர் இன்டர்னலில் நாற்பதுக்கு நாற்பது. செமஸ்டர் தேர்வில் 44. அது அறுபதுக்குச் சுருங்கினால் 26.4, மொத்தம் 66 சொச்சம். இரண்டாமவர் இன்டர்னலில் 23, தேர்வில் 45, மொத்தம் 50. இவர் பாஸ். 'சி' கிரேடு, ஐந்து பாயின்ட். 66 வாங்கியவர் ஃபெயில்.

இதை முரண் என்பார் உரை அறியாதார். இன்டர்னல் போடுவது பாடம் நடத்திய ஆசிரியர். எக்ஸ்டர்னல் திருத்துவது முகம் அறியாத ஒருவர். கல்லூரி அனுப்பும் மார்க்கைப் பல்கலைக்கழகம் சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைப் போல வரவு வைத்துக்கொள்ளும். உரசிப் பார்க்காமல் நம்பாது. உரசிப் பார்க்கும் கல்தான் அந்த 27. அதற்குக் கீழே, இன்டர்னலில் நாற்பது இருந்தாலும் பாஸுக்கு உதவாது. எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது. 66 வாங்கியவரின் அம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை.

வரலாற்றை நோக்கின், 27க்கு விடுப்புக் கொடுத்த காலமும் உண்டு. 2020 ஆகஸ்டில், கொரோனாவை ஒட்டி, அரியருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள், இறுதி செமஸ்டர் தாள் நீங்கலாக, தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. சித்தாந்த நோக்கில், எக்ஸ்டர்னலின் இடத்தில் ஒரு ரசீது வந்து உட்கார்ந்த பொற்காலம் அது. மறுஆண்டு பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. மார்க் மட்டும் வந்தது: பத்தாம் வகுப்பில் அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் இன்டர்னலிலிருந்து 30. அதாவது பத்தாம் வகுப்பில் ஒருவர் சமூக அறிவியலில் உருப்போட்ட வேலூர்ப் புரட்சி, இரண்டு வருடம் கழித்து அவருக்கு இயற்பியலில் மார்க் வாங்கித் தந்திருக்கக்கூடும். அறிவின் தொடர்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் 66க்கு வருவோம். அவர் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டுவார். பிறகு ரீவேல்யுவேஷனுக்குக் கட்டுவார். கேட்பது ஒரே ஒரு மார்க். 44 என்பது 45 ஆனால் மொத்தம் 67. கிரேடு பாயின்ட் பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் மேலே ஏறிவிடும். இரண்டாமவருக்கு அந்த விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்றே தெரியாது. "நீயும் போட்டுப் பாரேன்டா, கூட வரும்" என்று நண்பர்கள் சொன்னபோது அவர் பதறிவிட்டார்.

"எதுக்குடா? அவங்க மறுபடியும் அதைப் படிச்சுப் பாக்குறதுக்கா?"