முற்பண வீட்டுக்காரர்

பாண்டிருப்பில் வீட்டை வாடகைக்கு விடுபவர் பெரும்பாலும் பெரிய சொத்துக்காரர் அல்லர். பெண் பிள்ளையைப் பெற்றவர். இலங்கையின் கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். பக்கத்து மருதமுனை, கல்முனை முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். ஆகவே மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதே அத்திவாரம் விழுகிறது. மூத்தவளின் வீடு முடிந்து இளையவளின் வீடு பாதிச் சுவரில் நிற்கும்போது காசு தீர்ந்துபோகிறது. முற்பண வீட்டுக்காரர் உருவாவது அந்த இடத்தில்தான்.

வாடகையை அவர் பெரிதாக எண்ணுவதில்லை. "அதென்ன மகன், நீங்க பாத்துத் தாங்க" என்பார். அடுத்த வாக்கியம் தணிந்த குரலில் வரும்: "ஒரு வருசத்து அட்வான்ஸ மட்டும் மொத்தமாத் தந்தாச் சரி." மாற்றலாகி வந்த ஆசிரியரும் வைத்தியசாலைத் தாதியும் நகையை அடகு வைத்தாவது அதைக் கொடுக்கிறார்கள். உலக வழக்கில் முற்பணம் என்பது உடைந்த கதவுக்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் பிணை. இவரிடம் அது வட்டியில்லாக் கட்டுமானக் கடன். தன் பணம் எங்கே என்று குடியிருப்பவர் தேடவேண்டியதில்லை. அடுத்த வளவை எட்டிப் பார்த்தால் அது கூரையேறி நிற்பது தெரியும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் பின்வந்த திருத்தங்கள் புது வீடுகள் பலவற்றை அதன் பிடிக்கு வெளியே விட்டுவிட்டன. வீட்டுக்காரர் இரண்டையும் படித்தவரல்லர். ஆனாலும் தமது வீடு திருத்தத்துக்குள்தான் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

நொத்தாரிசு என்ற பெயரைக் கேட்டால் முகம் மாறும். "நமக்குள்ள எதுக்கு மகன் அதெல்லாம்?" ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் விதி. அவர் நீட்டுவதோ முத்திரை ஒட்டிய ஒற்றைத் தாள். இதில் அவருக்கும் நட்டம் உண்டு. குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரை மாவட்ட நீதிமன்றம் மூலம் விரைவாக எழுப்ப 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஒழுங்கான உடன்படிக்கை இல்லாதவருக்கு அந்த வழி திறப்பதில்லை. அவர் அஞ்சுவது வேறொன்றுக்கு. குடியிருப்பவர் அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அவர் நம்புகிறார். கிராம சேவகர் படிவத்தோடு வரும் நாளில் குடியிருப்பவர் "சொந்தக்காரப் பொடியன்" ஆகிவிடுகிறார்.

மற்ற விடயங்களில் விதிகள் திட்டமானவை. வளவில் விழும் தேங்காய் வீட்டுக்காரருக்கு. விழும் ஓலையைக் கூட்டுவது குடியிருப்பவருக்கு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விருந்தினர் மூன்றாம் நாளும் தங்கினால், தண்ணீர் மோட்டர் எத்தனை தடவை ஓடுகிறது என்று வீட்டுக்கார அம்மா விசாரிப்பார். வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. கேட்டால் மனம் நொந்துபோவார். அபூர்வமாகச் சிலர் எழுப்புவதற்காகவே வாடகையை வாங்க மறுப்பதுண்டு. வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடென்றால், அந்த வாடகையை உள்ளூராட்சி மன்றத்தில் கட்டிவிடலாம். இது குடியிருப்போரில் பலருக்குத் தெரியாது.

மூத்தவளுக்குக் கல்யாணம் முற்றானதும் வீட்டை விடச் சொல்கிறார். முற்பணத்தின் மிச்சத்தைக் கேட்டால்தான் சிக்கல் வெளியே வருகிறது. வழமையாக அடுத்து வருபவரின் முற்பணம்தான் முந்தியவருக்குத் திரும்பிப் போகும். இம்முறை அடுத்து வருபவர் மருமகன். அவரிடம் முற்பணம் கேட்க முடியாது. இளையவளின் வீட்டுக்கு இன்னும் கதவில்லை. விடயம் இணக்கசபைக்குப் போய், மாதாமாதம் தவணையாகத் திருப்பிக் கொடுப்பதென்று முடிகிறது. ஆணித் துளைகளுக்கு ஒரு தொகை கழிக்கப்படுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் வீட்டுக்காரர் மறக்காமல் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்கிறார்.