ஐநூறுக்குள்ளே

லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அரசாங்கம் பணம் தருகிறது என்று கேட்டபோது அம்மா நம்பவே இல்லை. "சூடாக்கவா?" என்றாள். சித்திரை மாதத்தில் மதுரையில் மத்தியானம் குழாயைத் திறந்தால், மாடியில் காயும் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கால்கூடக் கழுவ முடியாது. அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு அந்தச் சந்தேகம் நியாயம்தான். 1997-இல் ஆரம்பித்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகை அது. வசதி உள்ளவர்களுக்கு எதற்கு என்று 2024-இல் பெரும்பாலான முதியோருக்கு நிறுத்தினார்கள். கிழவர்கள் போட்ட சத்தத்தில் மறு வருஷமே முக்கால்வாசிப் பேருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்துப் பழக்கியதைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று எங்கள் வார்டு வட்டச் செயலாளரைக் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் முதலில் கொடுத்தது வெளிச்சம். திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டோரம் அப்பத்தா வீடு. மண் சுவர், கூரை. எம்.ஜி.ஆர். காலத்தில் குடிசைக்கு ஒரு விளக்கு என்று கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். மீட்டர் கிடையாது, பில் கிடையாது. நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று, அவ்வளவுதான் அனுமதி. அப்பத்தா ஒரு வேலை செய்தாள். அடுப்படிக்கும் படுக்கிற அறைக்கும் நடுவே இருந்த சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, கடப்பாரையால் ஒரு சதுர ஓட்டை போடச் சொன்னாள். பல்பை அந்த ஓட்டைக்குள் தொங்கவிட்டாள். ஒரே விளக்கு, இரண்டு அறை. ஓட்டையின் விளிம்பு புகையில் கறுத்து, விட்டில் பூச்சி ஒட்டிக் கிடக்கும். அந்த பல்பு ராத்திரிக்கு நாலு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட்கூட ஆகியிருக்காது. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பல்பு ஒண்ணுதானத்தா?" என்பார். ஒன்றுதான்.

அடுப்புக்கு சீமைக் கருவேல முள், அவசரத்துக்கு ரேஷன் மண்ணெண்ணெய். கள்ளச் சந்தைக்குப் போகாமலிருக்க நீலச் சாயம் கலந்து வரும். கேஸ் இருந்தால் மண்ணெண்ணெய் குறையும், இரண்டு சிலிண்டர் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே கேஸ் வாங்கிய வீடுகளில் கொஞ்ச காலம் சிலிண்டருக்குச் சேலை போர்த்தி வைத்திருந்தார்கள். வசதி வந்ததை ஊருக்குக் காட்டத் துடிக்கிற சனம், ரேஷன் கார்டுக்கு மட்டும் மறைத்தது.

பிறகு தாராள காலம். 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. கலர் டி.வி. கொடுத்தது, கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011-இல் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். குடிசை விளக்குக்கான விதியிலேயே, நாற்பது வாட் பல்போடு அரசாங்கம் தந்த டி.வி.யும் ஓடலாம் என்று இடம் செய்தார்கள். எல்லாம் சரி, கரண்ட் மட்டும் இல்லை. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். இலவச கிரைண்டரில் பாதி அரைந்த மாவு அப்படியே நிற்க, பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுரலைக் கழுவிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. மின்விசிறியை வாங்கி வைத்துக்கொண்டு அதன் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டோம்.

2016 மே 23 முதல் வீடுகளுக்கு நூறு யூனிட் இலவசம். கலெக்டர் வீட்டுக்கும் உண்டு, கீரை விற்கிற அம்மா வீட்டுக்கும் உண்டு. செல்லூரில் தறி ஓட்டுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. 2023-இல் விசைத்தறிக்கு 750 யூனிட்டை ஆயிரமாக்கினார்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அந்த நூறு கண்ணில் படாது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துவிடுவார். அரசாங்கம் இலவசமாகத் தந்ததை அவர் விலைக்குத் தருவார். "பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு வீட்டுக்காரரப் பகைச்சுக்க முடியுமாண்ணே?" என்று எங்கள் தெரு அயர்ன்காரர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுப் பதற்றம் வேறு: ஐநூறு. 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு ஐநூறு யூனிட் ஓடினால் 1,725 ரூபாய் வந்தது. ஐநூற்று ஒன்று ஓடினால் 1,958 ஆனது. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். ஐநூறைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான இரண்டேகால் ரூபாய் சலுகை விலை பறிபோய், அதுவும் நாலரை ரூபாய் ஆனது, சூட்சுமம் அதுதான். இரண்டாவது மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் ஏ.சி. ரிமோட் அம்மாவின் தலையணைக்கு அடியில் போய்விடும். மருமகள் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு எண்ணை அறிவிப்பாள். ரீடிங் எடுப்பவர் படியேறி வந்தால் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் மோர் வராது. ஒரு பல்பில் இரண்டு அறையை ஓட்டிய வம்சம், இன்று இரண்டு ஏ.சி.யில் ஒன்றை அணைத்துவிட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரிக்கிறது.

போன மாதம் சோலார்காரர் வந்தார். 2024-இல் வந்த பிரதமரின் திட்டம். மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். இத்தனை வருஷம் நம்மை வறுத்த வெயில் இனிச் சம்பாதித்துப் போடும் என்று நானும் குஷியாகி ஈ.பி. அட்டையை நீட்டினேன். "சர்வீஸ் யார் பேர்ல இருக்கு சார்?" அப்பா பெயரில். அப்பா போய்ப் பல வருஷம். 2022-இல் ஆதாரை இணைக்கச் சொன்னபோது, 'உரிமையாளர், ஆனால் பெயர் மாற்றவில்லை' என்றே ஒரு கட்டம் இருந்தது. நம்மைப் போல ஊரெல்லாம் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் அதை டிக் செய்துவிட்டு வந்தவன் நான்.

பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், தம்பி கையெழுத்து வேண்டும். தம்பியைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட அவனுக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னால் மாடிப் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் வாங்கிவிடலாம் என்கிறான். "அது எதுக்குடா?" என்றேன்.

"என்னண்ணே இப்படிக் கேக்குற? ஒரே மீட்டர்னா நூறு, ரெண்டு மீட்டர்னா எரநூறு. ஐநூறும் ஆயிரமாயிரும்ல!"